சுவரில் தட்டாத சனிக்கிழமை

அத்தியாயம் ஏழு

கொலைகாரன் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்ட ஒருவனின் உம்மா ஊற்றித் தருகிற தேத்தண்ணியைக் குடிக்கலாமா, கூடாதா என்று வினோஜ் யோசித்துக்கொண்டிருந்தான். கலந்தர் நானாவுக்கு அந்த யோசனையெல்லாம் கிடையாது. அவர் இரண்டாவது கோப்பைக்குக் கையை நீட்டிவிட்டார்.

"இஞ்சி தட்டிப் போட்டிரிக்கி. குடிங்க தம்பி," என்றார் சபியா உம்மா.

"குடிக்கிறன் உம்மா. மறுகா எனக்கு ஒண்டு நடந்தா நானா துப்புத் துலக்குவார்தானே," என்றான் வினோஜ்.

கல்முனைக் கடைத்தெருவில், புடவைக் கடைகளுக்கு நடுவே நெரிபட்டுக் கிடந்த அந்தக் கணினி திருத்தும் கடை நிப்றாஸுடையது. கல்லாவுக்குப் பின்னால் நிப்றாஸ் நின்றான். மெலிந்த உடம்பு, நல்ல முகம். பக்கத்தில் ஸ்டூலில் அவனுடைய உம்மா சபியா. எதிரே கலந்தர். காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காக விபத்து விசாரித்துத் திரிந்தவர். வேலையை விட்ட பிறகும் மூக்கை நுழைப்பதை விடவில்லை. அவருக்குச் சாரதியும் உதவியாளும் பாண்டிருப்பு வினோஜ்தான். அவன் ஓட்டுவது ஆட்டோ, வாய் மட்டும் எக்ஸ்பிரஸ்.

சங்கதி இதுதான். போன சனிக்கிழமை, மாவடிப்பள்ளியில் வயலோரத்து வீட்டில் தனியே இருந்த றகுமத்தும்மாவை யாரோ கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டார்கள். மதியம் லுஹர் தொழுகை நேரம் அவர் பக்கத்து வீட்டுக்காரியோடு வேலிக்கு மேலால் கதைத்திருக்கிறார். பின்னேரம் அசருக்கு மௌத்து. பிள்ளை குட்டி இல்லாத விதவை, சபியா உம்மாவின் கூடப்பிறந்த தங்கை, நிப்றாஸுக்குச் சாச்சி. மையித்தை முதலில் கண்டு கத்தியவர், அவருடைய வயலைப் பார்த்துக்கொண்டிருந்த காரைதீவுப் பூபாலசிங்கம். கத்தினதுதான் அவர் செய்த பிழை. அவருடைய மண்வெட்டி முற்றத்தில் கிடந்ததாம், அது போதுமாம். கொண்டுபோய் விளக்கமறியலில் போட்டுவிட்டார்கள். மனுசனுக்குச் சீனி வருத்தம், காலில் ஆறாத புண் வேறு. புண்ணுக்கு மருந்து கட்ட ஆள் வேண்டும், நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். மறியலில் யார் கட்டுவது? மகள் சுஜித்தா கலந்தரிடம் வந்து அழுததே அந்தக் காலுக்காகத்தான்.

கலந்தர் விசாரித்த இடமெல்லாம் ஒரே பெயர்தான் அடிபட்டது. நிப்றாஸ். றகுமத்தும்மா தன் வீட்டைப் பள்ளிவாசலுக்குத் தருமமாக வக்பு எழுதப் போவதாக வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கிறார். நிப்றாஸின் தங்கைக்கோ மாப்பிள்ளை பேசி முடிந்துவிட்டது, கொடுக்க வீடு இல்லை. இந்தக் கரையில் பெண்ணுக்கு வீடு இல்லாவிட்டால் நிக்காஹ் இல்லை. தங்கைக்கு வீடு வைத்துக் கொடுக்காதவன் தன் கலியாணத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. சாச்சியின் வீட்டைத்தான் அவர்கள் எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

பேச்சு காதுக்கு எட்டியதும் சபியா உம்மா ஒளிந்துகொள்ளவில்லை. நேரே ஆள் அனுப்பினார்: "என்ட மகன்ட பேரை ஊரெல்லாம் கதைச்சுத் திரியாம, வந்து கடையப் பாருங்க."

வந்து பார்த்தார்கள்.

"சனிக்கிழமை அட்டாளைச்சேனை டீச்சர் ஒராள்ட லெப்டொப்," என்றான் நிப்றாஸ். பாடமாக்கிய மாதிரித்தான் சொன்னான். "எல்லாத்தையும் துடைச்சி அழிச்சிப்போட்டு, விண்டோஸ் புதுசாப் போட்டன். லுஹருக்கு முன்ன தந்தா. பொழுதுபட மஃரிபுக்கு வந்து எடுத்துட்டுப் போனா. அதுக்குள்ள அப்டேட் எல்லாம் முழுசா ஏறியிரிந்திச்சி. டீச்சர்ட்டக் கேளுங்க."

"கேட்டன். ஏறித்தான் இரிக்கி. விண்டோஸ் போட அவ்வளவு நேரமா?" என்றார் கலந்தர்.

"அது கெதியா முடியும் நானா. அப்டேட்தான் உயிர எடுக்கும். புதுசாப் போட்டா அது வெறும் ஊடு மாதிரி. கதவு, ஜன்னல், பூட்டு எல்லாம் பிறகு ஒவ்வொண்டா இறங்கோணும். எங்கட லைன்ல ஒண்டு இறங்கி, ஏறி, நிண்டு, எழும்பி, மறுகா அடுத்தது. ஒவ்வொரு தரமும் ஆள் பக்கத்துல இரிக்கோணும். நான் கடைய உட்டு அசையல்ல."

"எங்கட மாமியாரும் அப்பிடித்தான்," என்றான் வினோஜ். "ஒரேயடியா வாறல்ல. வந்து, போய், மறுகா வந்து, ஒவ்வொரு தரமும் வீட்டையே நிப்பாட்டி எழுப்புவா."

யாரும் சிரிக்கவில்லை. பொலிஸ் கூட்டிவந்த கணினிக்காரனும் இதையேதான் சொல்லியிருந்தான்: இந்த லைனில் இந்த வேலை ஒரு பகலைத் தின்னும். அந்தச் சனிக்கிழமை கடைக் கதவு பாதி இறக்கி இருந்தாலும் நிப்றாஸின் மோட்டார் சைக்கிள் வாசலிலேயே நின்றது. சாட்சி மனுசனாக இருந்தால் குறுக்கு விசாரணை செய்யலாம். இங்கே சாட்சி லெப்டொப்.

கலந்தர் கோப்பையை வைத்தார். "எனக்கு இதெல்லாம் விளங்காது மகன். சும்மா கேக்கிறன். இந்த அப்டேட்டக் கெதியாக்க வழி ஒண்டும் இல்லையா?"

நிப்றாஸ் கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்தான். "இல்ல நானா. லைன்ட வேகம்தான்."

"டிஸ்க்கில முதலே ஏத்தி வச்சிப் போடுற வேலையெல்லாம் இவன்ட்ட இல்ல தம்பி," என்றார் சபியா உம்மா, கேத்தலை மூடிக்கொண்டே. "இவன் நேர்மையாச் செய்யிறவன்."

நிப்றாஸ் உம்மாவைப் பார்த்தான். வினோஜ் பிஸ்கட்டைத் தேத்தண்ணிக்குள் தவறவிட்டு, அதைத் தேடிக்கொண்டிருந்தான்.

"அப்ப ஒரு உதவி செய்," என்றார் கலந்தர். "எங்கட ஒபிஸ் லெப்டொப்புக்கும் புதுசா விண்டோஸ் போட்டு வச்சிரிக்கன். அப்டேட் மட்டும்தான் மிச்சம். ஒருக்காப் போட்டுக் காட்டு, பாப்பம்."

மறுக்க வழியில்லை. நிப்றாஸ் வாங்கி, லைனில் இணைத்து, அப்டேட்டை அழுத்தினான். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. வினோஜ் பிஸ்கட்டைக் கரண்டியால் மீட்டெடுத்து முடிப்பதற்குள் பக்கத்துச் சுவரில் யாரோ கட்டையால் இடித்தார்கள். மேசையில் கிடந்த திருப்புளி உருண்டது.

"டேய் நிப்றாஸ், உனக்குக் கண்ணில்லையா? லைவ் போய்க்கொண்டிரிக்கி. என்ட முகம் அப்பிடியே நிக்கிதாம் எண்டு சனம் எழுதுது. நிப்பாட்டுடா உன்ட அப்டேட்ட."

நிப்றாஸ் நிறுத்தினான். காது வரைக்கும் சிவந்திருந்தது. "நதீரா. அபாயா விக்கிறவ. ரெண்டு கடைக்கும் ஒரே லைன்."

"தலாக் வாங்கினவளுக்கு வாய்க்கு மட்டும் குறைவில்ல," என்றார் சபியா உம்மா. நிப்றாஸ் கீழே பார்த்தான். அந்தப் பார்வையில் இவளுக்காக உம்மாவோடு போட்ட ஒரு பழைய சண்டை இருந்தது என்பது வினோஜுக்கே விளங்கியது.

கலந்தர் எழுந்து லெப்டொப்பை மடித்தார். "வா வினோஜ். உன்ட மனிசிக்கு ஒரு சல்வார் எடுப்பம்."

"எதுக்கு? இன்னும் பெருநாள் வரல்லயே."

"வாடா."

பக்கத்துக் கடையில் வட்ட விளக்குக்கு முன்னால் ஒரு போன், அதற்கு முன்னால் நதீரா. சுவரை இடிக்கிற கட்டை ஹேங்கர் அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஆணியில் தொங்கியது. அதற்கென்றே ஓர் ஆணி. லைவ் முடியும் வரைக்கும் கலந்தர் பொறுமையாக நின்றார்.

"சல்வார் துணியா? சனிக்கிழமை போட்ட லைவ்ல பாருங்க, நல்ல நல்ல நிறமாக் காட்டினன்," என்றாள் நதீரா.

"சனிக்கிழமையும் இப்பிடித்தான் சுவர இடிச்சீங்களா மகள்?"

"அண்டைக்கு ஒரு இடியும் இல்ல நானா. லைன் அவ்வளவு நல்லா இரிந்திச்சி. லுஹர் தொழுதுட்டுத் தொடங்கினன், அசர் பாங்கு கேட்டுத்தான் நிப்பாட்டின. ஒரு தரமும்..."

அவள் வாயை மூடினாள். நிப்றாஸின் கடைப் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். அவள் முட்டாள் இல்லை.

கலந்தர் கவனிக்காதவர் போல வினோஜை வாசல் பக்கம் இழுத்து, குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சனிக்கிழமை லைவ உன்ட போன்ல இறக்கி வை. மனிசிக்கிட்டக் காட்டி நிறத்தக் கேள்."

"முழுசாவா? டேட்டா எல்லாம் போயிரும் நானா. அவவுக்கு எந்த நிறம் காட்டினாலும் மற்ற நிறம்தான் வேணும்."

"முழுசா இறக்கு."

வெளியே வந்ததும் வினோஜுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தான், எந்தப் பக்கம் பார்த்தாலும் சரியாகவே வந்தது. இவன் லைனில் அப்டேட் போட்டால் அவள் சுவரை இடிப்பாள். சனிக்கிழமை அவள் இடிக்கவில்லை. அப்படியென்றால் சனிக்கிழமை அப்டேட் லைனால் வரவில்லை. ஆனால் லெப்டொப்பில் முழுவதும் ஏறியிருக்கிறது. முதலே எல்லாவற்றையும் இறக்கி ஒரு டிஸ்க்கில் கட்டி வைத்திருந்தவன், அதைக் குத்திச் சட்டென்று முடித்துவிட்டான். ஒரு பகல் வேலை என்று ஊரை நம்பவைத்த அந்தப் பகல், அவன் கையில் சும்மா இருந்திருக்கிறது. மாவடிப்பள்ளிக்குப் போய் வரத் தாராளமாய்க் காணும்.

"பிடிச்சிட்டம் நானா. இப்பவே பொலிசுக்குப் போவம்."

போன் அடித்தது. சுஜித்தா. வினோஜ் சத்தத்தைக் கூட்டிப் பிடித்தான்.

"அண்ணா, அப்பாட கால் கறுத்து வருதாம். மணக்குதாம். இப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா காலைக் காப்பாத்தலாம் எண்டு உள்ளுக்க இருக்கிற ஒராள் சொல்லி அனுப்பியிருக்கார். நீங்க ஏதாவது கண்டு பிடிச்சிருந்தா, அதைக் காட்டி இண்டைக்கே கதைக்கலாம் எண்டு எங்கட சட்டத்தரணி சொல்றார். ஏதும் கிடைச்சதா அண்ணா?"

வினோஜ் வாயைத் திறந்தான். கலந்தர் போனை வாங்கினார். "நாளைக்குக் காலையில பொலிசுக்கு வாங்க மகள். முடிச்சுத் தாறன்."

அதோடு நின்றிருந்தால் வினோஜ் பொறுத்திருப்பான். சபியா உம்மா கடையை விட்டு வெளியே வந்து, ஸ்கூட்டியில் சாவியைச் செருகி, தலைக்கவசம் போட்டுக்கொண்டிருந்தார். கலந்தர் நேரே அவரிடம் போய், எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் ஒளிக்கவில்லை.

"உங்கட மகன்ட கதையில ஒரு ஓட்டை இரிக்கி உம்மா. சனிக்கிழமை நதீரா சுவர இடிக்கல்ல. நாளைக்குக் காலையில அவ வந்து அதைச் சொன்னா, அலுவல் முடிஞ்சு."

சபியா உம்மா தலைக்கவசத்தின் பட்டியை மெல்ல மாட்டினார். "அல்லாஹ் போதுமானவன்," என்றார். ஆனால் ஸ்கூட்டியில் ஏறவில்லை. சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஆட்டோ மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டும் வரைக்கும் வினோஜ் கதைக்கவில்லை. அவனுக்கு அது உலக சாதனை.

"உங்களுக்கு மூளை பிழைச்சிட்டா நானா? கள்ளன்ட உம்மாட்டப் போய்ச் சாட்சிட பேரைச் சொல்றீங்க. அவ அந்தப் பிள்ளைய விடிய முதல் மாத்திப் போடுவா."

"மாத்தட்டும்."

"பூபாலசிங்கத்தார்ட கால் விடியும் வரைக்கும் பொறுக்குமா?"

"பொறுக்கும்டா," என்றார் கலந்தர். வெற்றிலை இருக்கிறதா என்று கேட்கிற மாதிரிச் சொன்னார்.

மறுநாள் காலை பொலிஸ் நிலையத்துக்குள் நுழைந்தபோது வினோஜ் பயந்தது அப்படியே நடந்திருந்தது. நதீரா முதலே வந்துவிட்டாள். பொறுப்பதிகாரியின் மேசைக்கு முன்னால் புது அபாயாவோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் நிப்றாஸ், மறு பக்கம் சபியா உம்மா. உம்மாவின் கை நதீராவின் தோளில். நேற்று தலாக் வாங்கினவள் என்று துப்பிய வாய், இன்றைக்கு "மகள் தண்ணி குடிக்கிறியா" என்று கேட்டது. மூலை வாங்கில் சுஜித்தா, மடியில் ஒரு பையோடு. பைக்குள் அப்பாவுக்கு மாற்றுச் சாரமும் துவாயும்.

"சனிக்கிழமை லைன் நிண்டு நிண்டுதான் போச்சு சேர்," என்றாள் நதீரா, மேசையைப் பார்த்து. "நான் சுவர இடிச்சன். நிப்றாஸ் உள்ளுக்கு இரிந்து 'கொஞ்சம் பொறு' எண்டு சொன்னாரு. கலந்தர் நானா நான் சொன்னதப் பிழையா விளங்கிட்டார்."

"அந்த லைவ்?" என்று கேட்டார் பொறுப்பதிகாரி.

"நல்லா வரல்ல எண்டு நேத்து அழிச்சிட்டன்."

சுஜித்தா பையை இறுக்கிப் பிடித்தாள். வினோஜுக்குக் கலந்தரின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. கலந்தர் அவன் பக்கம் திரும்பினார்.

"வினோஜ், உன்ட மனிசி என்ன நிறம் கேட்டா?"

"என்ன நானா நீங்க, இந்த நேரத்..." என்று தொடங்கியவன் நின்றான். கை தானாகவே காற்சட்டைப் பைக்குப் போனது. இவ்வளவு நேரமும் சாட்சி அவன் தொடையில்தான் கிடந்திருக்கிறது.

போனை மேசையில் வைத்தார்கள். வட்ட விளக்கு, சல்வார் துணி, நதீராவின் சிரிப்பு. படம் ஓர் இடத்திலும் தடக்கவில்லை. கலந்தர் விரலால் தள்ளித் தள்ளி நடுவில் ஓர் இடத்தில் விட்டார். போனுக்குள் இருந்த நதீரா சுவர்ப் பக்கம் தலையைச் சாய்த்து, பார்க்கிற சனத்துக்குச் சொன்னாள்: "இண்டைக்கு லைன் பறக்குது பாருங்க. பக்கத்துக் கடைக்காரர் எங்கயோ ஊர் சுத்தப் போயிட்டார் போல. நாளைக்கும் போகட்டும்."

மேசைக்கு முன்னால் இருந்த நதீரா கண்ணை மூடினாள்.

"இதை நேத்தே கொண்டு வந்திரிக்கலாம் சேர்," என்றார் கலந்தர். "அப்ப மகன் மட்டும்தான் மாட்டுவான். நான் கேட்டது, கெதியாக்க வழி இரிக்கா எண்டு மட்டும். டிஸ்க் எண்டு நான் சொல்லல்ல, நிப்றாஸும் சொல்லல்ல. சொன்னது உம்மா. கம்பியூட்டரத் தொட்டும் பாக்காத மனுசிக்கு, மகன் ஒளிச்ச சாமான் என்னெண்டு எப்பிடித் தெரியும்? ஓட்டையக் காட்டி உட்டா அடைக்க ஆரு வாறாங்க எண்டு பாக்கத்தான் ஒரு இரவு பொறுத்தன்."

"எனக்கு ஒண்டும் தெரியா," என்றார் சபியா உம்மா. கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். "இவள்தான் தானா வந்து பொய் சொன்னவள். என்ட மகன மயக்கப் பாக்கிறவள்."

நதீரா நிமிர்ந்தாள். "மாமி, நேத்து நீங்கதானே கடைக்கு வந்து, இதைச் சொன்னா நிப்றாஸுக்கு என்னைக் கலியாணத்துக்கு எடுக்கிறெண்டு..."

"ஆரு உனக்கு மாமி?" என்றார் சபியா உம்மா. "ஒருத்தன் திண்டு துப்பினத அள்ளி வைக்க என்ட ஊடு குப்பை மேடா?"

"உம்மா, வாய மூடுங்க," என்றான் நிப்றாஸ். அவனுக்கு விளங்கிவிட்டது. உம்மாவுக்குத்தான் விளங்கவில்லை.

நதீரா அழவில்லை. நாற்காலியை நகர்த்திக்கொண்டு பொறுப்பதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"எழுதுங்க சேர். சனிக்கிழமை லைவ் தொடங்க முதல் பின் ஜன்னலத் திறந்தன். பின் ஒழுங்கையில இவட ஸ்கூட்டி நிண்டிச்சி. இவ சாவியக் குடுத்தா, நிப்றாஸ் எடுத்துட்டுப் போனாரு. 'ஊட்ட எழுதித் தராட்டி வராத' எண்டு இவ சொன்னா. என்ட காதால கேட்டன். அவர்ல வச்ச இரக்கத்துல இவ்வளவு நாளும் வாய மூடியிரிந்தன்."

நிப்றாஸ் அப்படியே நிலத்தில் குந்தினான். "எழுத மாட்டன் எண்டு சாச்சி சொல்லிட்டா," என்றான், யாரையும் பார்க்காமல். "உம்மாட்ட வெறுங்கையோட போக ஏலாது."

சபியா உம்மா மகனைத் தூக்கப் போகவில்லை. மற்றப் பக்கம் திரும்பி முக்காட்டைச் சரி செய்தார்.

கலந்தர் நாற்காலியில் சாய்ந்தார். வேலையை முடித்த மனுசனின் முகம். "சுஜித்தா மகள், சட்டத்தரணிக்கு அடிங்க. இண்டைக்கே வாப்பாவ எடுக்கலாம்."

சுஜித்தாவின் காதில் முதலே போன் இருந்தது. அவள் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றாள். முடிந்ததும் போனைப் பைக்குள் வைத்து, பையின் வாயை முடிச்சுப் போட்டாள்.

"விடியச் சாமத்துல அப்பாவுக்கு நினைவு தப்பிட்டாம். மறியல்ல இருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்கள். முழங்காலுக்கு மேல வெட்டியாச்சாம்."

அவள் மேசையில் கிடந்த போனைப் பார்த்தாள். அதற்குள் நதீரா இன்னும் சல்வார் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இது நேத்துப் பின்னேரமே உங்கட கையில இருந்ததா அண்ணா?"

பொய் சொல்ல வினோஜுக்கு நல்லாகத் தெரியும். வாய் வரவில்லை. "ஓம்," என்றான்.

"நான் கதைக்கிற நேரமும்?"

"ஓம் தங்கச்சி."

கலந்தர் எழுந்தார். "மகள், மகன மட்டும் பிடிச்சா அனுப்பினவ தப்பியிரிப்பா. ரெண்டு பேரும் வேணும் எண்டுதான் நான்..."

"விளங்குது," என்றாள் சுஜித்தா. "உங்களுக்கு ஒராளப் பிடிச்சது போதல்ல. மற்ற ஆளுக்கு அப்பாட காலக் குடுத்திருக்கீங்க."

அவள் வெளியே போனாள். வினோஜ் போனை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி, ஆட்டோவின் பின் சீற்றில் கிடந்த ஒபிஸ் லெப்டொப்பை எடுத்து நிலத்தில் வைத்து, அவளை ஏற்றினான். கலந்தர் வாசலுக்கு வந்து வழக்கம் போல முன் கம்பியில் கை வைத்தார். அந்தக் கையை வினோஜ் எடுத்துவிட்டான்.

"நீங்க நடந்து வாங்க நானா," என்றான். "பிந்தினாலும் காரியமில்லத்தானே."